உத்தரவாதத்துக்கு மேல் ஓர் உத்தரவாதமா?

குளிர்ப்பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறான் நம் தோழன். ஆறு மாதமாக வீட்டிலே பேச்சு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஐயாயிரம் ரூபாய்; மீதிக்குத் தவணை. குளுகுளு கடை, பளபள கண்ணாடி, குனிந்து வணங்கும் சிப்பந்தி! "பத்து வருடம் அசையாதுங்க அண்ணே, அப்படி உழைக்கும்" என்று அடித்துச் சொல்கிறார் சிப்பந்தி. தோழன் பேனாவை எடுத்துக் கையெழுத்திடுகிறான். மை உலரவில்லை, அதற்குள் குரல் தாழ்கிறது.

"அண்ணே, கம்பெனி உத்தரவாதம் ஒரு வருடம்தான். அதற்கப்புறம் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிப்போமா? இரண்டாயிரம்தான். தவணையிலேயே சேர்த்துவிடலாம். மாதம் இருநூறுகூட ஆகாது."

பத்து வருடம் அசையாது என்றது எந்த வாய்? அடுத்த வருடமே ஆடிப்போகும் என்று அச்சுறுத்துவது எந்த வாய்? அதே வாய்தான், தோழர்களே!

அந்தச் சிப்பந்தியின்மீது நமக்குச் சினமில்லை. காலையிலிருந்து இரவுவரை கால்கடுக்க நிற்கிற பாட்டாளி அவர். மாதத்துக்கு இத்தனைச் சீட்டு விற்றாக வேண்டும் என்று அவர் தலைமேல் ஓர் இலக்கு தொங்குகிறது. நம் கேள்வி, அந்தச் சீட்டின்மீது. வாங்கலாமா, வேண்டாமா?

முதலிலே கணக்கைப் பார்ப்போம். நூறு பேர், ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இலட்சம் ரூபாய். அதிலே நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி போயிற்று. கடைக்காரர் பங்கு போயிற்று. சீட்டு எழுதிய நிறுவனத்தின் அலுவலகச் செலவு போயிற்று, அதன் இலாபம் போயிற்று. எஞ்சியதிலேதான் பழுது பார்க்கவேண்டும். ஆக, நூறு பேரும் சேர்ந்து கொடுத்ததைவிட, நூறு பேரும் சேர்ந்து திரும்பப் பெறுவது குறைவாகத்தான் இருக்கும். இது சூதல்ல, சூழ்ச்சியல்ல, கழித்தல் கணக்கு.

"அப்படியானால் ஆயுள் காப்பீடும் அப்படித்தானே, அதையும் வேண்டாம் என்பீர்களா?" என்று படிப்பகத்திலே ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆமாம், அதுவும் அதே கணக்குத்தான். ஆனால் உழைத்துச் சோறு போடுகிறவன் சாய்ந்தால் ஒரு குடும்பமே சாய்கிறது. அந்த இழப்பைத் தாங்க முடியாது. ஆகவே, கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அந்தப் பாரத்தை ஊரோடு பகிர்ந்துகொள்கிறோம். குளிர்ப்பெட்டி சாய்ந்தால்? பால் திரியும், குடும்பம் திரியாது.

எந்திரம் எப்போது பழுதாகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆலையிலே வேலை பார்க்கும் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பிறவிக் குறையோடு வந்த எந்திரம் முதல் சில மாதங்களிலேயே பல்லிளித்துவிடும். அதற்குக் கம்பெனி உத்தரவாதம் உண்டு. தேய்ந்து ஓய்கிற காலம் பல வருடம் கழித்து வரும். நடுவிலே இருப்பது ஓரளவு அமைதியான காலம். கடைக்காரர் நமக்கு விற்பது இரண்டாம் வருடத்தையும் மூன்றாம் வருடத்தையும். அதாவது, அந்த அமைதிக் காலத்தை! குளிர்ப்பெட்டியின் இதயமாகிய கம்ப்ரசருக்கோ, பல கம்பெனிகள் தாமே பத்து வருட உத்தரவாதம் எழுதித் தருகின்றன. பெரிய பழுது ஏற்கெனவே அடங்கிவிட்டது. அந்தப் பத்து வருடத்திலும் வாயு நிரப்பும் செலவும் ஆள் கூலியும் பெரும்பாலும் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாமும் ஏமாந்தவர்தான். 2021-இல் ஒரு பெட்டி வாங்கினோம். இரண்டு வருட நீட்டிப்பும் வாங்கினோம். மூன்றாம் வருடம் கோடையிலே குளிர்ச்சி குறைந்தது. சீட்டிலிருந்த எண்ணை அழைத்தோம். இசை கேட்டோம், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று கேட்டோம், ஒன்பது நாள் கழித்து ஓர் இளைஞர் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். "கதவு ரப்பர் போயிருக்கு சார். ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடிக்கெல்லாம் இது செல்லாது" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்றோம். நான்காம் பக்கத்தைக் காட்டினார். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்! கடைசியிலே நம் தெரு மெக்கானிக்தான் தொள்ளாயிரம் ரூபாயில் ரப்பரை மாற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து இத்தகைய சீட்டுகள் எது கையில் கிடைத்தாலும் பின்பக்கத்திலிருந்து படிக்கிறோம். துருப்பிடித்தால் இல்லை என்கிறது ஒன்று. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உப்புக்காற்றிலே குடியிருப்பவன் எங்கே போவான்? எலி கடித்தால் இல்லை. மின்சாரம் ஏறி இறங்கிக் கருகினால் இல்லை. வெளியாள் கை வைத்தால் இல்லை. இவற்றையெல்லாம்விட நம்மைச் சுட்ட வரி, வணிகத்துக்குப் பயன்படுத்தினால் இல்லை என்பது. வீட்டுக் கிரைண்டரிலே மாவரைத்து, தெருவுக்கு விற்று, பிள்ளையைப் படிக்கவைக்கிற அக்காமார் நம் பகுதியிலே எத்தனை பேர்! ஓயாமல் ஓடி அவர்கள் கிரைண்டர்தான் முதலில் படுக்கும். உத்தரவாதம் அவர்களுக்குத்தான் கிடையாது.

எல்லாமே வீண் என்று நாம் முழங்கப்போவதில்லை. பெரிய தொலைக்காட்சிப் பெட்டியிலே திரை போய்விட்டால், அதை மாற்றும் செலவு புதுப்பெட்டி விலையை எட்டிப் பார்க்கும். இன்வெர்ட்டர் குளிர்சாதனத்தின் மின்பலகையும் விலை கூடிய பொருள். அவற்றுக்கு, செய்த கம்பெனியே நீட்டிப்புத் தந்து, விலையும் குறைவாக இருந்து, திரையும் பலகையும் அடங்கும் என்று எழுத்திலே இருந்தால், யோசிக்கலாம். மூன்றாவது நிறுவனம் ஒன்று எழுதித் தருகிற சீட்டானால், அது காப்பீடா, வெறும் பணி ஒப்பந்தமா என்று கேளுங்கள். காப்பீடு என்றால் அதற்கு மேலே ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. செலவின்றி முறையிடக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வெறும் ஒப்பந்தமென்றால், அந்த நிறுவனம் கதவை மூடிய அன்று உங்கள் கையிலிருப்பது காகிதம்.

தவணையிலே சேர்ப்பது இன்னொரு வலை. வட்டி உள்ள தவணையானால், உத்தரவாதத்துக்கும் சேர்த்தல்லவா வட்டி கட்டுகிறோம்!

காப்பீட்டுக்கென்று பணம் ஒதுக்க மனமிருக்கிறதா? மகிழ்ச்சி. மாதம் இருபதாயிரம் சம்பளம் வாங்குகிற தொழிலாளியிடம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் வீதம், அதாவது 150 ரூபாய். முதலாளி தரவேண்டியது 650. அதற்குக் குடும்பம் முழுதுக்கும் மருத்துவம். உங்கள் பெயர் அதிலே பதிவாகியிருக்கிறதா, பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று என்றைக்காவது பார்த்தீர்களா? வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு விபத்துக் காப்பீடு ஒன்றிருக்கிறது. பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்று நாவிலே நுழையாத பெயர்; பெயரை விடுங்கள், 2022 முதல் கட்டணம் ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்திலே உயிர் போனால் இரண்டு இலட்சம். எந்திரத்துக்கு இரண்டாயிரம் கொடுத்தவனில் எத்தனை பேர், தனக்கென இந்த இருபதைக் கொடுத்திருக்கிறான்?

வணிகத்திலே பழம் தின்று கொட்டை போட்ட இங்கிலாந்திலேயே இந்தச் சீட்டு வியாபாரம் விசாரணைக்கு வந்தது. 2003-இல் போட்டி ஆணையம் அறிக்கை தந்தது. 2005-இல் அரசாணை பிறந்தது. பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே நீட்டிப்பின் விலையையும் எழுதவேண்டும். வாங்கியவன் 45 நாளுக்குள் மனம் மாறினால் முழுப் பணமும் திருப்பித் தரவேண்டும் என்றது அந்த ஆணை. இங்கே நாம்தான் வாய் திறக்கவேண்டும். "நிபந்தனைத் தாளைக் கொடுங்கள், வீட்டில் படித்துவிட்டு நாளை வருகிறேன்" என்று கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அதுவே விடை.

பிறவிக் குறையுள்ள பொருளைத் தலையிலே கட்டிவிட்டார்களா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து இலட்சம் வரை கட்டணமில்லை. அதற்குமுன் 1915 என்ற எண்ணுக்கு ஒரு முறை பேசிப் பாருங்கள்.

எதற்கும் இரசீது வேண்டும். கடையில் தருகிற வழவழப்பான தாள் வெப்பத்திலே அச்சிட்டது, எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே செல்பேசியில் படம் பிடித்து வையுங்கள். நாம் பிடிக்கவில்லை. 2021 இரசீதை நேற்று எடுத்துப் பார்த்தோம், வெள்ளைத்தாள்.