குழந்தைக்கு அறிவியல் புத்தகம் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாய் ஒன்று இருக்கிறது. “இது எப்படி ஓடுது?” என்று குழந்தை கேட்கிறது. “ஆற்றலால் ஓடுது” என்று பதில் சொல்லிவிடலாம். பதில் தப்பில்லை. ஆனால், குழந்தைக்கு என்ன புரிந்தது?

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1966-ல் அமெரிக்க அறிவியல் ஆசிரியர்களிடம் பேசியபோது, இந்தச் சிக்கலைத்தான் எடுத்தார். முதல் வகுப்புப் பாடப் புத்தகம் ஒன்றில் பொம்மை நாய், நிஜ நாய், மோட்டார் சைக்கிள் என்று படங்கள். ‘இது எதனால் நகர்கிறது?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: ஆற்றல். அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் குழந்தைக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்பது ஃபைன்மனின் வாதம். பொம்மையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் பல்சக்கரத்தையும் பார்ப்பதே நல்ல பாடம் என்றார் அவர்.

பெயர் தெரிந்தால் போதாதா?

கடைகளில் அறிவியல் என்ற பெயரில் விற்கும் குழந்தைகள் புத்தகங்களில் பல, தகவல் தொகுப்புகள்தான். வேகமான விலங்கு எது, பெரிய கோள் எது என்று அடுக்கிக்கொண்டே போகும். க்விஸ் போட்டிக்கு உதவும், தப்பே இல்லை. ஆனால் ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று புரியவைப்பது வேறு வேலை. முதல் வகையில் குழந்தை மனப்பாடம் செய்கிறது. இரண்டாவது வகையில், அடுத்த பொருளையும் தானே யோசித்துப் பார்க்கப் பழகுகிறது.

ஒரு புத்தகத்தால் என்ன ஆகிவிடும்?

லண்டனில் கொல்லர் ஒருவரின் மகன் மைக்கேல் ஃபாரடே. பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே படித்த புத்தகங்களில் ஒன்று, ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் அறிமுக நூல். ஆசிரியை ஒருவரிடம் இரண்டு பெண்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதுபோல, முழுக்க உரையாடலாகவே எழுதப்பட்டது. முதல் பதிப்பில் எழுதியவர் பெயர்கூட இல்லை.

ஃபாரடே அதை அப்படியே நம்பிவிடவில்லை. தன்னால் முடிந்த சில்லறைக் காசுக்குப் பொருள் வாங்கி, சின்னச் சின்ன சோதனைகள் செய்து பார்த்தார். புத்தகம் சொன்னது சரியாக வந்தது. அதன் பிறகே வேதியியல் மீது பிடிப்பு வந்ததாகப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார். அதே ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான், இன்றைக்கு அனல் மின் நிலையத்திலும் காற்றாலையிலும் ஜெனரேட்டர்கள் இயங்கும் அடிப்படை.

அவரும் பிறகு குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு அவர் ஆற்றிய 6 உரைகளுக்கும் ஒரே பொருள்: மெழுகுவர்த்தி. எரிவது திரி மட்டும்தானா? இல்லை. மெழுகு உருகி, திரி வழியாக மேலே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. நம்பவில்லையா? மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். (பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டுமே செய்து பார்க்க வேண்டும்.)

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடையிலேயே 3 விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

1. ‘எப்படி?’ என்று இன்னொரு முறை கேளுங்கள். ‘குக்கரில் அழுத்தம் அதிகம், அதனால் சீக்கிரம் வேகும்’ என்று ஒரு புத்தகம் சொன்னால், அது பாதி பதில்தான். அழுத்தத்துக்கும் வேகுவதற்கும் என்ன சம்பந்தம்? நீராவி வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் கூடும்போது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது; சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். கூடுதல் சூட்டில் பருப்பு சீக்கிரம் வேகிறது. அந்த இடைப்படியைச் சொல்லும் புத்தகத்தை வாங்கலாம்.

2. படம் உள்ளே காட்டுகிறதா? டேவிட் மெக்காலே 1988-ல் வெளியிட்ட ‘தி வே திங்ஸ் வொர்க்’ நூல், பொருட்களை அவை இயங்கும் தத்துவத்தின்படி பிரிக்கிறது. அதனால் ஜிப்பும் ஏர் கலப்பையும் ஒரே பகுதியில் வருகின்றன. இரண்டிலும் வேலை செய்வது ஆப்புதான். பல்லைப் பிரிப்பதும் பூட்டுவதும் ஜிப்பின் உள்ளே இருக்கும் ஆப்பு. மண்ணைப் பிளப்பது கலப்பையின் கொழு. அழகான படம் வேறு, விளக்கும் படம் வேறு.

3. வீட்டில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா? ஃபாரடேவுக்குக் கிடைத்த வாய்ப்பு அதுதான்.

தமிழில் கிடைக்குமா?

கிடைக்கும். வழக்கறிஞரான பெ.நா. அப்புசாமி சென்ற நூற்றாண்டிலேயே எளிய தமிழில் அறிவியல் எழுதினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் இதழான ‘துளிர்’ 1987-ல் தொடங்கப்பட்டது. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்கும் வீட்டில் பேசும் மொழியில் ஒரு விளக்கம் கிடைப்பது லாபம்தான். குக்கர், ஜிப், மெழுகுவர்த்தி எல்லாம் அந்த மொழியில்தானே வீட்டில் புழங்குகின்றன.

புத்தகம் வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. குழந்தை கேட்பதற்குப் பல நேரம் அப்பா அம்மாவுக்கே பதில் தெரியாது. அப்போது ஒரு பெரிய சொல்லைச் சொல்லி மூடிவிட்டால், குழந்தை கேட்பதை மெல்ல நிறுத்திவிடும். “எனக்கும் தெரியலையே, வா பார்க்கலாம்” என்றால், அடுத்த கேள்வியோடு நாளைக்கும் வரும்.