பி.எஃப். பணத்தை எடுத்து மனை வாங்கலாமா?

“அண்ணே, பி.எஃப். பணத்த எடுத்து மீஞ்சூர் தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டா என்ன? நிலம் எங்கயும் ஓடிப் போயிடாதுல்ல?” எண்ணூர், மணலி கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகள் டீ குடிக்கும்போது கேட்கிற கேள்வி இது. நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பாஸ்புக்கைத் திறங்கள். மூன்று பத்தி இருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800. கம்பெனியும் அதே 1,800 கட்டுகிறது. ஆனால் அதில் 1,250 பென்ஷன் பத்திக்குப் போய்விடும்; 550 மட்டுமே பி.எஃப். கணக்கில் ஏறும். ‘கம்பெனி பாதிதான் கட்டுது’ என்று கோபப்படுகிறவர்கள் அந்த மூன்றாவது பத்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பி.எஃப். கணக்கில் ஏறும் பணத்துக்கு 2024-25இல் வட்டி 8.25 சதவீதம். அமெரிக்காவில் ஓய்வுக்காலக் கணக்கில் போடும்போது வரி இல்லை, எடுக்கும்போது பெரும்பாலும் உண்டு. வரியைத் தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான். இங்கே ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் எடுக்கும்போது வரி கிடையாது. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்கே போனாலும் பி.எஃப். இருப்பை ஜப்தி செய்ய முடியாது. கூலியில் வாழ்கிற குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அரண் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மனை. விலை 10 லட்சம் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கையை விட்டுப் போவது 10.9 லட்சம்; புரோக்கர் கமிஷன், பத்திரம் எழுதுகிறவர் கூலி தனி. அந்த 10.9 லட்சத்தைத் தொடாமல் விட்டு, வட்டியும் இதே அளவில் நீடித்தால், பத்து வருஷத்தில் ஏறக்குறைய 24 லட்சம் ஆகும். மனையை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதமும் செஸ்ஸும் வரி. ஆகவே 24 லட்சம் கைக்கு வர, மனை 26 லட்சத்துக்கு விலை போக வேண்டும். வருஷத்துக்கு 10 சதவீதம், பத்து வருஷமும் ஏற வேண்டும். அப்போதுதான் இரண்டும் சமம். விற்ற பணத்தை வீட்டில் போட்டால் வரிச் சலுகை உண்டு. ஆனால் பணம் மறுபடி செங்கல்லுக்குள் போய்விடும். மகள் கல்யாணத்துக்கு மனையில் கால்வாசியை மட்டும் விற்க முடியுமா?

நிலம் ஓடிப் போகாது என்பதையும் இந்தக் கரையில் நிற்பவர்கள் யோசித்துச் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட சுவர் தெற்கேயிருந்து வரும் மணலைத் தடுத்தது. மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. குப்பங்களில் வீடுகளே கடலுக்குள் போயின. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்து வீடுகளுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் புகுந்தது. இதுபோக, புறம்போக்கா, கோயில் நிலமா, நீர்நிலையா என்று பட்டாவையும் முப்பது வருஷ வில்லங்கச் சான்றையும் வைத்துப் பார்த்தாக வேண்டும். ‘அப்ரூவல் வந்துடும் சார்’ என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குடியிருக்க வாங்கும் வீடு வேறு கதை. அதை முதலீடு என்றே நான் எண்ணுவதில்லை. வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொல்லும் பயம் போகிறதே, அதற்கு விலை கிடையாது. அதற்காக பி.எஃப். கணக்கில் ஒரு பகுதியை எடுப்பது நியாயம்தான். மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட முடிந்தால் இன்னும் நல்லது. பென்ஷனோ, 15,000 ரூபாய் வரம்பில் முப்பது வருஷம் உழைத்தவருக்கும் மாதம் 7,000க்குள்தான் நிற்கும். விலைவாசியோடு சேர்ந்து அது ஏறாது. வாடகை ஏறும். அந்த ஒரு விஷயத்தில் வீடு ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காலி மனைக்கு அந்தப் பெருமையும் இல்லை.

கான்ட்ராக்ட் தொழிலாளிகளிடம்தான் நான் கூடுதலாக மன்றாடுவேன். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சேவை வேண்டும்; அப்படி எடுத்தால் அதுவரை சேர்ந்த வருஷங்கள் அழிந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். புது கான்ட்ராக்டரிடம் பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுத்து, பழைய இருப்பை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள். கட்டவில்லை என்றால் சம்பளச் சீட்டோடு பி.எஃப். ஆபீசில் புகார் கொடுங்கள்.