ஆசனத்தை ஓரங்குலம் உயர்த்தினால்...

சப்பாத்து வாங்கச் செல்பவர் காலை நுழைத்துப் பார்க்கிறார். நாலடி நடந்து பார்க்கிறார். விரல் நெரிந்தால் வேறு சோடி கேட்கிறார். சட்டை தைக்கக் கொடுப்பவர் தையற்காரர் முன் கைகளை விரித்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறார். ஆனால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் தம்மைச் சுமக்கப்போகும் துவிச்சக்கர வண்டியை வாங்குபவர் என்ன செய்கிறார்? மணியை அடித்துப் பார்க்கிறார். பிறேக்கை அழுத்திப் பார்க்கிறார். கரியரைக் கையால் அமர்த்திப் பார்க்கிறார். பின்னர் கடைக்காரர் வைத்துக் கொடுத்த உயரத்திலேயே ஏறி அமர்ந்து வீடு வந்து சேர்கிறார். அன்றிலிருந்து அந்த ஆசனத்தை எவரும் தொடுவதில்லை. அவ்வாறு ஆண்டுக்கணக்கில் தொடாதிருந்தவருள் நாமும் ஒருவர் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறோம்.

எமது வீட்டில் இருப்பது ஒரே சைக்கிள். காலையில் அது எம்முடன் அலுவலகம் செல்லும். மாலையில் மகனுடன் ரியூசனுக்குச் செல்லும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வலது முழங்காற் சிரட்டையின் முன்புறத்தில் நோவு தொடங்கிற்று. எண்ணெய் பூசினோம், ஒத்தணம் கொடுத்தோம், எக்ஸ்றே எடுத்துப் பார்த்தோம். படத்தில் குறையொன்றுமில்லை, வயதுதான் என்றார்கள். படியேறுவதும் வேதனையாகி, சைக்கிளை விற்றுவிடலாமா என்று கூட எண்ணலானோம்.

அந்நாட்களில் ஒருநாள், ரியூப்புக்கு ஒட்டுப்போடுவதற்காகச் சந்திக் கடைக்குப் போயிருந்தோம். வேலை முடிந்து நாம் ஏறிப் புறப்பட்டதைப் பார்த்த முதியவர் கைதட்டி நிறுத்தினார். "ஐயா, காலை இப்பிடி மடக்கி மடக்கி உழக்கினால் சிரட்டை நோகாமல் என்ன செய்யும்? சீற்று இறங்கிப் போச்சு, தெரியேல்லையோ?" என்றார். ஆசனத் தண்டைப் பிடித்திருக்கும் சுரை தேய்ந்து, தண்டு சிறிது சிறிதாகக் குழாயினுள் இறங்கியிருந்தது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் உணர்ந்திருப்போம். மாதக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக இறங்கியதால் உடம்பு அதற்கு இசைந்துபோயிற்று. முழங்கால் மட்டும் இசையவில்லை. புதுச் சுரை போட்டு, ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உயர்த்தி முடுக்கினார். ஒரு மாதத்துள் நோவு பெரும்பாலும் தணிந்தது.

ஆனால் புதியதோர் இடர் பிறந்தது. மகனுக்கு அப்போது கால் எட்டவில்லை. ஆகவே மாலையில் அவன் இறக்குவான். காலையில் நாம் உயர்த்துவோம். உயர்த்தும்போது ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். "ஓடுற நேரத்தைவிட முடுக்கிற நேரந்தான் கூட" என்று வீட்டில் பரிகாசம் வேறு. அந்தப் பரிகாசத்துக்கு மறுமொழி தேடியபோதே, எம்மிலும் பன்மடங்கு முடுக்கிய ஒருவரின் கதை எமக்குக் கிடைத்தது.

அவர் பெல்ஜிய நாட்டின் எடி மெர்க்ஸ். சைக்கிளோட்ட வீரருள் அவருக்கு நிகரானவர் இல்லையென்பது பலரின் முடிபு. பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தை 1969ஆம் ஆண்டு முதன்முதலாக வென்றபோது அவருக்கு வயது 24. இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே 17 நிமிடம் 54 செக்கன் இடைவெளி! அந்த வெற்றியின் ஈரம் காயுமுன்னர், செப்டெம்பர் 9ஆந் திகதி, புளுவா என்னும் பிரெஞ்சு நகரின் ஓடுபாதையில் அவர் ஓடினார். சிறிய மோட்டார் வண்டியொன்று முன்செல்ல, அதன் பின்னால் ஒட்டி ஓடும் பந்தயம் அது. முன்னே சென்ற வேறொரு வண்டி விழ, அதில் மெர்க்ஸின் வழிகாட்டி வண்டியும் மோதிற்று. அதைச் செலுத்திய பெர்னான்ட் வாம்ப்ஸ்ற் அவ்விடத்திலேயே மாண்டார். மெர்க்ஸ் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். முள்ளந்தண்டு எலும்பொன்றில் வெடிப்பு ஏற்பட்டது. இடுப்பெலும்பும் நிலை திரும்பிற்று.

உயிர் பிழைத்தார், மீண்டும் ஓடினார், அதே பிரெஞ்சுப் பந்தயத்தை மேலும் நான்கு முறை வென்றார். எனினும், அந்த விபத்தின் பின் தாம் பழைய மனிதரல்லர் என்றும், மலையேறும்போது வலி தம்மை விட்டதில்லை என்றும் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். அதன்பின் ஆசனத்தை மாற்றுவது அவருக்கு ஓயாத வேலையாயிற்று. பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஓடும் சைக்கிளில் இருந்தபடி, கையில் சாவியை எடுத்து ஆசனத்தைத் திருத்துவார். இதைக் கண்டவர்கள் அவரை நுணுக்கப் பைத்தியம் என்றனர்.

அது பைத்தியம் என்று எமக்குத் தோன்றவில்லை. வலியுள்ள உடம்பு படுக்கையில் புரண்டு புரண்டு இடம் தேடுவதில்லையா? அவர் ஆசனத்தின்மேல் அவ்வாறு புரண்டார் போலும். 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி மெக்சிக்கோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடி அவர் உலக சாதனை நாட்டினார். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் ஓரே இருக்கையில் அசையாது அமர்ந்திருக்கவேண்டும். இடையில் திருத்த வழியில்லை. முடிந்து இறங்கியபோது அவர் கடும் வேதனையில் இருந்தார்.

சரியான உயரந்தான் எது? இங்கிலாந்தின் லவ்பரோவில் ஹாம்லி, தோமஸ் என்னும் இருவர் 1967இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். சப்பாத்தின்றி நின்று, கவட்டிலிருந்து நிலம்வரை காலின் உட்புறத்தை அளக்கவேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது அதிலிருந்து ஆசனத்தின் மேற்பரப்புவரை அவ்வளவின் 109 வீதம் இருக்கவேண்டும். கால் 80 சென்ரிமீற்றர் என்றால் 87.2. பிரெஞ்சுப் பயிற்றுநர் கிமாரின் முறையோ வேறு; அவரிடம் ஓடிய அமெரிக்க வீரர் லெமொண்டின் பெயரால் அது பரவிற்று. காலளவை 0.883ஆல் பெருக்கி, பெடற்கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து ஆசனம்வரை வைப்பது அது. அதே 80 சென்ரிமீற்றருக்கு 70.6, பெடற்கையின் நீளம் 17ஐயும் கூட்டினால் 87.6. இரு வழிகளுக்கும் இடையே நான்கு மில்லிமீற்றரே வேறுபாடு!

அளவுநாடா தேடச் சோம்பலுள்ளவர், சுவரைப் பிடித்தபடி ஏறியமர்ந்து, குதிக்காலைப் பெடலின்மேல் வைத்து அடிவரை உழக்கிப் பார்க்கலாம். கால் நேராக நீளவேண்டும். ஆனால் இடுப்பு ஒருபுறம் சரியக்கூடாது. பின்னர் முன்பாதத்தை வைத்து ஓடும்போது முழங்கால் தானாகவே சற்று மடிந்து நிற்கும். எம்மவர் பலர் ஆசனத்தில் இருந்தபடியே இரு பாதங்களும் நிலத்தில் பதியவேண்டும் என்பர். பழகும் பிள்ளைக்கு அது நன்று. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவரின் முழங்காலுக்கு அது ஆகாது.

எத்தனை முறை மாற்றுவதென்றால், வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் பார்க்கவேண்டும். வளர்ந்தவர் காரணமின்றித் தொடவேண்டியதில்லை. தடித்த அடியுள்ள சப்பாத்து வாங்கினால், தோலாசனம் தொய்ந்தால், நோயில் கிடந்து எழுந்தால் காரணம் உண்டு. முழங்காலின் முன்புறம் நொந்தால் ஆசனம் தாழ்ந்திருக்கலாம். பின்புறம் நொந்தால் உயர்ந்திருக்கலாம். இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குமேல் ஒரேயடியாக மாற்றாது, சில நாள் ஓடிப் பார்த்தே அடுத்ததைச் செய்யவேண்டும். நோவு தணியாவிட்டால் சாவியை வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்வதே முறை. தண்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியுமளவுக்கு எவரும் உயர்த்தலாகாது. தண்டு முறிந்தால் பல்லும் போகும்.

இவ்வளவும் அறிந்த பின், ஒரு வெள்ளைப் பெயின்ற் டப்பாவால் எமது வீட்டுச் சச்சரவு தீர்ந்தது. தண்டில் எமக்கொரு கோடு, மகனுக்கொரு கோடு. எமது கோட்டுக்கு இரண்டங்குலம் கீழே தொடங்கிய அவனது கோடு ஆறு மாதத்துக்கொருமுறை ஏறிற்று. ஒரு வருடப்பிறப்பன்று எமது கோட்டைத் தொட்டது. மறு வருடம் தாண்டிச் சென்றது. அன்று தாயாரை அழைத்துக் காட்டி அவன் அடைந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது.

இப்பொழுது அவனுக்குக் கொழும்பில் வேலை. சைக்கிள் எம்மோடுதான். எமது முதுகு முன்போல் வளைவதில்லை என்பதால் எமது கோட்டை அண்மையில் அரை அங்குலம் கீழே புதிதாக இட்டோம். அவனது கோடுகளை அழிக்கவில்லை. விடுமுறைக்கு அவன் வரும் நாளுக்கு முந்திய மாலை, சாவியை எடுத்து ஆசனத்தை அவனது கடைசிக் கோட்டுக்கு உயர்த்தி, முற்றத்தில் நிறுத்தி வைப்போம்.