பத்திரம் கையில்... வீடு யார் கையில்?
தெள்ளார் பக்கம் வீடு வாங்குவோர் உஷார்!

தெள்ளார்,

தறியில் உட்கார்ந்து இழை இழையாகச் சேர்த்த பணம். போதாததற்கு வீட்டுப் பெண்களின் நகையும் அடகுக்குப் போயிருக்கும். அப்படி வாங்கிய வீட்டின் வாசலில் ஒரு நாள் காலையில் கோர்ட்டு அமீனா வந்து நின்றால்?

"நான் தான் பத்திரம் பதிஞ்சிருக்கேனே சார்!" என்பார் வாங்கியவர்.

வில்லங்கமே அந்த ஒரு வார்த்தையில் தான் இருக்கிறது. சப்-ரிஜிஸ்திரார் முத்திரை குத்தி விட்டால் வீடு சொந்தம் என்று வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் மட்டும் அல்ல, சென்னையில் கோட்டு-சூட்டு போட்டவர்களும் நம்புகிறார்கள். விற்றவருக்கு உரிமை இருந்தால் தான் வாங்கியவருக்கு உரிமை. இல்லாததை எத்தனை முறை பதிந்தாலும் இல்லாதது தான்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இது நாமாகச் சொல்வது அல்ல. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரல் 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. விற்பவர் தன் உரிமையைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று இருந்த 55-ஏ(1) விதியை, செல்லாது என்று கோர்ட்டு அடித்து விட்டது. சொத்து யாருடையது என்று விசாரிப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை. உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்த பத்திரம் பதிவானாலும், இல்லாத உரிமை வாங்கியவருக்கு வந்து விடாது. இது தான் தீர்ப்பின் சாரம்.

மூலப்பத்திரத்தைக் கட்டாயமாக்கும் மசோதா அதே மாதம் தமிழக சட்டசபைக்கு வந்தது. வரட்டும். துப்பு துலக்க வேண்டியவர் மட்டும் மாறவில்லை. அவர், பணம் கொடுக்கிறவர்!

ஏமாந்த பிறகு ஓடுவது லேசான காரியம் இல்லை. போலிப் பத்திரத்தை மாவட்ட பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் 77-ஏ பிரிவு வந்தது. 2024-ல் சென்னை ஐகோர்ட்டு அதையும் செல்லாது என்று சொல்லி விட்டது. பிறகு சிவில் கோர்ட்டு தான். வாய்தா மேல் வாய்தா.

ஈ.சி.யில் தெரியாதவை

"ஈ.சி. போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு" என்பார் புரோக்கர். பார்க்க வேண்டியது தான். பதிவுத்துறை இணையதளத்தில் காசு இல்லாமலே பார்க்கலாம். 30 வருடத்துக்காவது பாருங்கள். ஆனால் பதிவான வில்லங்கம் மட்டும் தான் அதில் வரும். பதியாமல் எழுதி வைத்த உயில் வராது. அண்ணன்-தம்பி வாய்மொழியாகப் பிரித்துக் கொண்டது வராது. மூலப்பத்திரத்தை யாரிடமோ கொடுத்து ரகசியமாக வாங்கிய வட்டிக் கடன் வராது.

அதனால் தான் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். "தொலைஞ்சு போச்சு, ஜெராக்ஸ் தான் இருக்கு" என்றால் அட்வான்சை மடியிலேயே வைத்துக் கொள்ளுங்கள்! பட்டாவை நீட்டுவார்கள். அது வருவாய்த் துறை ஆவணம். பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகி விடாது.

பவர் பத்திரம் காட்டி விற்கிறவரிடம் இரட்டை ஜாக்கிரதை. பவர் கொடுத்தவர் செத்தால் சாதாரணமாக பவரும் செத்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது?

அக்கா, தங்கை எங்கே?

கிராமத்து வீடுகளில் பெரிய கண்ணி இது தான். அப்பா காலமாகி விட்டார். மகன்கள் மூன்று பேரும் கையெழுத்து போட்டு விற்கிறார்கள். செய்யாற்றில் கட்டிக் கொடுத்த அக்காவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "சீர் செஞ்சு அனுப்பியாச்சே!"

சீர் வேறு, சொத்து வேறு. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு வந்தது. அப்போது கல்யாணம் ஆகியிருந்தவர்களுக்கு அதில் இடம் இல்லை. 2005-ல் மத்திய அரசு கொண்டு வந்த திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. அந்தச் சமயத்தில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டு 11-ல் சுப்ரீம் கோர்ட்டு முடிவாகச் சொன்னது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போயிருந்தாலும் மகளுக்குச் சம பங்கு உண்டு. ஆகவே வாரிசு சான்றிதழைக் கேளுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்து வேண்டும்.

9-ம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் இதே தெள்ளாற்றில் பாண்டியனை ஜெயித்தான். அந்தப் போர் முடிந்தது. பாகப்பிரிவினை வழக்கு அப்படி முடியாது!

தறிக்குழியில் தண்ணீர்

நெசவாளிக்கு இன்னொரு கவலை. பள்ளத்தறி போடுகிறவர் தரையைத் தோண்டியாக வேண்டும். தாழ்வான மனை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் ஊற்று எடுக்கும். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் மேடாகத் தான் தெரியும். மழைக்காலத்தில் ஒரு தரம் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள். அப்படியே சர்வே எண்ணை வைத்து, இடம் ஏரிப் புறம்போக்கா, கோவில் நிலமா என்றும் விசாரித்து விடுங்கள்.

புது மனை என்றால் அங்கீகாரம் வேண்டும். 2016-ல் ஐகோர்ட்டு பதிவுக்கே தடை போட்ட விவகாரம் அது.

அட்வான்சை 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வாங்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்பது 2012 டிசம்பர் 1 முதல் சட்டம். 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம். அபராதம் வாங்கியவருக்கு. ஆனால் ரொக்கம் கொடுத்ததற்குச் சாட்சி இல்லாமல் நிற்கப் போவது நீங்கள். பேங்க் மூலம் கொடுத்தால் கணக்கு பேசும்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீட்டை, மனையைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் 1 முதல் அரசு சலுகை கொடுத்தது. மிச்சமாகிற பணத்தை வக்கீலிடம் கொடுத்து, பத்திரத்தை ஒரு தரம் படிக்கச் சொல்லலாம்.