கதைக்குள் ஓர் ஊர்

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் போர்ட் ஓர்ச்சர்ட் என்றொரு கடலோரச் சிற்றூர். அங்கு வாழ்ந்த டெபி மக்கோம்பர், அந்த ஊரை மனதில் வைத்தே 'சீடர் கோவ்' என்னும் கற்பனை ஊரைப் படைத்துக் காதல் நாவல்களை எழுதினார். 2009 ஆகஸ்ட்டில் போர்ட் ஓர்ச்சர்ட்டே சில நாள்கள் சீடர் கோவாக மாறியது. கதையில் படித்த தெருக்களைப் பார்க்க வாசகர்கள் திரண்டு வந்தார்கள். எழுத்தாளரும் கூடவே இருந்தார்.

தமிழில் வாசகருக்கும் கதைக்கும் இடையிலான இந்த உறவு தபாலில் வளர்ந்தது. 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்ததும், பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். ஆசிரியர் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதியே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நம் யாழ்ப்பாணக் கரைக்கு வருவோம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. வாடைக் காலத்தில் நெடுந்தீவில் வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர்கள், அவர்களுக்குள் அரும்பும் காதல், மூளும் பகை! ஆசிரியர் புவியியல் படித்தவர். காற்றும் கடலும் கதையில் சும்மா வந்து போவதில்லை. 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது.

இதே கரையில் உள்ள மயிலிட்டித் துறைமுகம் 1990 முதல் 2017 வரை மக்களுக்கு எட்டாதிருந்தது. அந்தத் துறைக்கும் சொல்லக் கதைகள் உண்டு. எழுதுகிறவர்களே, முதலில் ஊராரிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டில் பழைய வீரகேசரி நாவல் ஏதும் இருந்தால், கறையான் தின்ன விடாதீர்கள்.