பாரவூர்தியின் சாரதி அறை: எண்ணூர் வண்டிகளின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

உமணர் என்னும் உப்பு வணிகரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை மிக நுட்பமாக விரித்துரைக்கின்றது. சில்லும் அச்சும், மேலே வேய்ந்த கூரையும், கோழி அடையும் கூடும், காடி வைத்த கலமும் அங்கே இடம்பெறுகின்றன. குழந்தையோடு கூடிய பெண்ணொருத்தி எருதுகளைச் செலுத்துகின்றாள். பாரம் ஏற்றும் ஊர்தியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பாரத்தைப் பற்றியே பேசுவர். அதனைச் செலுத்துவோர் எவ்விடத்தில், எந்நிலையில் இருக்கின்றார் என்பதைப் பேசுவோர் அரியர். அப்பழம்புலவர் அதனையும் நோக்கியிருக்கின்றார். லொறி என நாம் வழங்கும் இக்காலப் பாரவூர்தியிலே சாரதி அமரும் அறை எவ்வாறு உருப்பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக எண்ணூரிலே உருவான அசோக் லேலண்ட் வண்டிகளைக் கொள்கின்றோம். தமிழ்நாட்டின் கரையிலே செய்யப்பட்டு நம் வீதிகளிலும் ஓடுவன அவை என்பதொன்று. இவ்வறையின் வரலாறு முழுவதும் அவற்றிற் சுருக்கமாகக் காணக்கிடைக்கின்றது என்பது மற்றொன்று.

முதலிலே இவ்வமைப்பின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். லொறியின் அடிச்சட்டத்தின் முற்பகுதியில் மூன்று பொருள்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அவை இயந்திரம், முன் அச்சு, சாரதி என்பன. பழைய வண்டிகளில் இயந்திரம் முன்னே நீண்ட மூக்குக்குள் இருந்தது. சாரதி அதன் பின்னே அமர்ந்தார். இவ்வமைப்பில் வெப்பமும் இரைச்சலும் சாரதியை அதிகம் தாக்கமாட்டா. மூடியைத் திறந்தவுடனே இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம். மோதல் நேரிடின் மூக்கு முதலில் நசுங்கிச் சாரதியைக் காக்கும். ஆயினும் அந்நீளம் முழுவதும் பாரம் ஏற்றப் பயன்படாத வெற்றிடம். வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் எல்லை வகுத்த நாடுகளில் மூக்கின் ஒவ்வோர் அடியும் பண்டத்துக்குரிய இடத்தினின்றும் பறித்துக்கொண்டதேயாகும். ஆகவே சாரதியை முன்னே கொணர்ந்து இயந்திரத்தின் மேலே அல்லது அதன் பக்கத்தே இருத்தும் வழக்கம் தோன்றிற்று. தட்டையான முகமுடைய லொறி இவ்வாறே பிறந்தது.

இவ்வாறு மேலே ஏற்றிய அறையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதே அடுத்த வினா. மிகத் தாழ வைத்தால் இயந்திரம் தரையை ஊடறுத்து இரு ஆசனங்களுக்கும் நடுவே பெருந்திட்டாக எழும்பும். அதன் சூடு சாரதியின் முழங்காலைச் சுடும். ஒருபக்கமிருந்து மறுபக்கம் செல்லல் இயலாது. மிக உயர வைத்தால் தரை சமமாகும். பின்னே படுக்கையும் அமைக்கலாம். ஆனாற் சாரதி பல படிகள் ஏறி இறங்கவேண்டும். தொலைவிலுள்ள வீதி அவருக்கு நன்கு தோன்றும். சில்லருகே நிற்கும் சைக்கிள்காரனோ தோன்றமாட்டான். நெடுந்தூரம் நில்லாது ஓடும் வண்டிக்கு உயர்ந்த அறை ஏற்றது. ஊர்தோறும் நின்று, நாளொன்றுக்குப் பலமுறை இறங்கி ஏறி, சந்தைத் தெருவிலும் ஒழுங்கையிலும் நுழையும் வண்டிக்கு ஒன்றிரண்டு படிகளும் சிறிய திட்டும் உடைய இடையுயர அறையே தக்கது. இவ்விடையுயர அறை இரண்டுங்கெட்டான் என்று சிலர் எண்ணுவர். அது தவறான கருத்து. அது தனக்குரிய தொழிலை நோக்கி அளவிடப்பட்ட தனி வகையாகும்.

இன்னுமோர் இடர்ப்பாடு உளது. இயந்திரத்தின் மேலே அறையை இருத்தினால் இயந்திரத்தை எவ்வழியாற் பழுதுபார்ப்பது? 1960 இல் வெளிவந்த பெட்போர்ட் ரீ.கே. வண்டி இதற்கொரு விடை கண்டது. அதில் இயந்திரம் ஆசனத்தின் பின்புறமாகத் தள்ளி வைக்கப்பட்டது. கதவுகளுக்குப் பின்னே இருபுறமும் உள்ள மூடிகளைத் திறந்து கைவைக்கலாம். அறை அசையாது. லேலண்ட் நிறுவனம் 1964 இல் வெளியிட்ட ‘எர்கோமற்றிக்’ அறை வேறு விடை தந்தது. அறை முழுவதையும் முன்பக்கக் கீலிலே சாய்த்துவிட்டால் இயந்திரம் வெளிப்பட்டு நிற்கும். 1965 இல் வந்த போர்ட் டி வரிசையும் சாயும் அறையையே கொண்டது. காலப்போக்கிற் சாயும் அறையே வென்றது. (சாய்த்த அறையின் கீழே தொழில்செய்வோர் தாங்குகோல் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்க்காமல் தலையை நீட்டுதல் ஆகாது. நீரழுத்தப் பம்பியை மட்டும் நம்புவது உயிரோடு விளையாடுவதாகும்.)

போர்ட் டி வரிசையின் வழித்தோன்றலாக 1981 இல் இங்கிலாந்தின் லாங்லி நகரிலே ‘கார்கோ’ பிறந்தது. அதன் உருவை அமைத்தவர் பத்ரிக் லெ கெமோ என்னும் பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் ரெனோ நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராகப் புகழ்பெற்றவர். வழமையான கண்ணாடி மட்டத்துக்குக் கீழே மேலதிகச் சிறு கண்ணாடிகளை வைத்து, வண்டியை ஒட்டி நிற்கும் பொருளையும் ஆளையும் சாரதி காணுமாறு செய்தமை அதன் சிறப்பு. முகப்பு வளைந்து காற்றைக் கிழிப்பதாய் அமைந்தது. 1982 ஆம் ஆண்டுக்குரிய சர்வதேசப் பாரவூர்தி விருது அதற்கே கிடைத்தது. பிரேசிலிலும் துருக்கியிலும்கூட அவ்வறை உற்பத்தி செய்யப்பட்டது. இடையுயர அறைக்கு இலக்கணம் வகுத்த வண்டி எதுவெனக் கேட்பின் யாம் இதனையே சுட்டுவோம்.

இனி எண்ணூருக்கு வருவோம். இரகுநந்தன் சரண் என்பவர் 1948 செப்டெம்பரிலே தம் மகன் அசோக்கின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலிலே ஒஸ்ரின் மோட்டார் கார்கள் அங்கு பொருத்தப்பட்டன. 1950 இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 1951 இல் எண்ணூரிலே பொருத்தப்பட்ட முதல் நான்கு கொமெட் வண்டிகள் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு விற்கப்பட்டன. பாரத்தைச் சாய்த்துக் கொட்டும் வகையின அவை. 1955 இல் லேலண்ட் பங்குதாரராகச் சேர, நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர்மாறியது. 1963 அளவில் 8,000 க்கு மேற்பட்ட கொமெட் வண்டிகள் இந்தியாவில் ஓடிக்கொண்டிருந்தன. வால்வெள்ளியின் பெயர் தாங்கிய இவ்வண்டி வந்து மறையாது நெடுங்காலம் நிலைத்துவிட்டது என்று வியக்கலாம்.

கொமெட்டின் வெற்றிக்குள்ளே ஒரு குறையும் மறைந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது பெரும்பாலும் முழு வண்டியன்று. அடிச்சட்டம், இயந்திரம், சில்லுகள், முன்முகத் தகடு இவ்வளவே வாங்குவோன் கையிற் கொடுக்கப்பட்டன. சாரதி அறையைக் கட்டுவித்துக்கொள்ளுதல் அவன் பொறுப்பு. நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களில் வண்டிக்கூடு கட்டும் தொழில் பெருகியதற்கு இது பெருங்காரணம். அத்தச்சர் கைவினையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. வெயிலுக்கு நிழலும், சாமி படத்துக்கு மாடமும், உதவியாளன் படுத்துறங்கப் பலகையும் அவர்கள் கைவண்ணத்தில் அமைந்தன. வண்டிக்கு வண்டி வேறுபட்ட அழகும் இருந்தது. ஆனால் மரச்சட்டத்தின் மேல் தகடு அறைந்த அறை எதிர்வரும் வண்டியோடு மோதும்போது என் செய்யும்? மூக்குள்ள பழைய வண்டியில் இயந்திரமாவது முன்னே நின்றது. தட்டை முகத்தில் சாரதிக்கும் சாவுக்கும் இடையே ஒரு கண்ணாடியும் ஒரு பலகையுமே நின்றன. ஐரோப்பாவிலே அறையின் முன்சுவரையும் கூரையையும் பின்சுவரையும் தாக்கிப் பரீட்சித்து, உள்ளே சாரதிக்கு உயிர்பிழைக்கும் இடம் எஞ்சுகின்றதா என்று அளக்கும் விதி வகுக்கப்பட்டது. தச்சன் கட்டிய அறைக்கு அத்தகைய பரீட்சை எதுவும் இருந்ததில்லை.

1987 இல் லேலண்டின் வெளிநாட்டுப் பங்குகளை இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெக்கோ நிறுவனமும் கூட்டாக வாங்கின. இவ்விடத்தில் வரலாறு ஒரு விந்தை புரிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் இவெக்கோ நிறுவனம் இங்கிலாந்திலே போர்ட் லொறித் தொழிலோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. ஆதலாற் கார்கோவின் அறை இவெக்கோ வழியாக எண்ணூரை எட்டிற்று. இங்கிலாந்தின் சந்தையிலே லேலண்டுக்குப் பகைவனாய் நின்ற போர்ட்டின் முகம், தமிழ்நாட்டிலே லேலண்ட் பெயரைத் தாங்கிய வண்டிக்கு முகமாயிற்று! 1994 இல் ‘கார்கோ’ என்ற பெயருடனேயே அவ்வரிசை வெளிவந்தது. இயந்திரமும் இவெக்கோவினுடையது. தொழிற்சாலையிலேயே முழுமையாகப் பொருத்தப்பட்ட அறையுடன் அந்நிறுவனம் விற்ற முதல் வரிசை இதுவே.

ஆயினும் கார்கோ கொமெட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. காரணத்தை ஆராய்தல் பயனுடையது. லொறியை வாங்குபவர் ஒருவர்; அதிலே நாள் முழுதும் அமர்பவர் மற்றொருவர். வாங்குபவர் விலையையும், ஏற்றக்கூடிய பாரத்தையும், வழியோரக் கராஜிலே கிடைக்கும் உதிரிப்பாகத்தையும் கணக்கிடுகின்றார். சாரதியின் முதுகுநோவு அக்கணக்கில் வருவதில்லை. விதித்த அளவுக்கு மேலே பாரம் ஏற்றுவது வழக்கமாகிவிட்ட சந்தையில், மேலும் இரண்டு தொன் சுமக்கும் முரட்டு வண்டியே சிறந்த வண்டி. தச்சன் கட்டும் அறை மலிவாகக் கிடைக்கையில் தொழிற்சாலை அறைக்கு மிகைப்பணம் கொடுப்பானேன் என்று முதலாளி எண்ணியதில் வியப்பில்லை. நல்ல அறை தோற்றது என்பதைவிட, அறையிலே இருப்பவனுக்கு வாக்குரிமை இல்லாச் சந்தையில் அது நிறுத்தப்பட்டது என்பதே பொருந்தும்.

கார்கோ என்ற பெயரும் இவெக்கோ இயந்திரமும் பின்னர் கைவிடப்பட்டன. அறை மட்டும் மறையவில்லை. கொமெட்டின் பெயரை நினைவூட்டும் ‘எக்கோமெட்’ என்ற இடைத்தர வண்டி வரிசை அவ்வறையையே ஏற்றுக்கொண்டது. படைத்துறைக்கெனச் செய்யப்பட்ட ‘ஸ்ராலியன்’ முதலிய வண்டிகளிலும் அவ்வறையின் சாயலை எளிதிற் காணலாம். 1981 இல் லாங்லியில் வரையப்பட்ட முகம் தான் பிறந்த தொழிற்சாலை 1997 இல் மூடப்பட்ட பின்னும் எண்ணூர் வழியாக உயிர்வாழ்ந்தது. பெருவண்டிகளுக்கு 2010 இல் ‘யூ ட்ரக்’ என்ற புதிய அடித்தளமும், 2014 இல் ‘கப்டன்’ வரிசையும், 2020 இல் அறை, அச்சு, இயந்திரம் ஆகியவற்றை வாங்குவோன் தேவைக்கேற்பத் தெரிந்து இணைக்கும் ‘அவ்டார்’ வரிசையும் வந்தன. இவற்றின் விரிவு இங்கு வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றைக் குறித்தல் தகும். 2025 முதல் இந்தியாவிற் செய்யப்படும் நடுத்தர, பெருந்தரப் பாரவூர்திகளின் சாரதி அறைக்குக் குளிரூட்டி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சந்தை செய்யாததைச் சட்டம் செய்திருக்கின்றது.

நம் நாட்டிலோ லேலண்ட் என்ற பெயரைப் பெரும்பாலோர் அறிந்தது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் வண்டிகளாலேயே. 1982 இல் இலங்கை அரசின் பங்குடைய லங்கா லேலண்டும் அசோக் லேலண்டும் சேர்ந்து லங்கா அசோக் லேலண்ட் நிறுவனத்தைத் தொடங்கின. ஹோமாகமவை அடுத்த பனாகொடையிலே அதன் தொழிற்சாலை அமைந்தது. எண்ணூர் வண்டிகள் அதன் வழியாக நம் வீதிகளை அடைந்தன. ஜப்பானிலிருந்து வந்த இசுசு, கன்டர் முதலிய தாழ்ந்த அறையுடைய சிறு வண்டிகளோடு அவை போட்டியிடவேண்டியிருந்தது. சிறு சுமைக்கு ஜப்பானிய வண்டி கைக்கடக்கமானது. நெல் மூட்டைகளை மலைபோல் அடுக்கிக் கொழும்புவரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டவேண்டின் அதனினும் பெரிய வண்டி தேவைப்படுகின்றது.

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழ்வோர்க்கு இடையுயர அறையின் பயன் கண்கூடானது. படுவான்கரையில் அறுவடையாகும் நெல் எழுவான்கரையை அடைய நீரைக் கடக்கவேண்டும். மண்முனையிலே 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் ஓடமே துணை. கல்லடியில் ஆங்கிலேயர் காலத்து ஒடுங்கிய இரும்புப் பாலத்தின் பக்கத்தே 2013 இல் அகன்ற புதுப்பாலம் எழுந்தது. ஒட்டமாவடியில் 2010 வரை புகையிரதமும் லொறியும் ஒரே பாலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. பாலங்கள் அகன்றன, ஆனால் வயலோர மண்பாதைகளும் ஊர்த்தெருக்களும் அகலவில்லை. அறுவடைக் காலத்தில் லொறிச் சாரதி ஒரு நாளிற் பத்துக் களங்களில் நிற்பார். ஒவ்வோரிடத்திலும் இறங்கி, மூட்டை எண்ணி, கயிறு இறுக்கி, மீண்டும் ஏறுவார். நான்கு படியுள்ள அறையாயின் இருபது முறை ஏறியிறங்கும் அவர் முழங்கால் மாலையில் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வண்டியைச் சுற்றிச் சிறுவர்கள் ஓடித்திரியும் களத்திலே பின்னோக்கி எடுக்கும்போது, சில்லருகே நிற்பது யார் என்று காணத்தக்க உயரத்திற் சாரதி இருத்தல் வேண்டும்.

பழைய வண்டி வாங்க எண்ணுவோர் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு, ரயரைத் தட்டிப் பார்த்து விலைபேசுவர். அவர்கள் சாரதி ஆசனத்திலும் ஒருமுறை ஏறி அமர்தல் நன்று. படியின் உயரம் எவ்வளவு, நடுத்திட்டின் சூடு காலில் உறைக்கின்றதா, முன்சில்லின் பக்கத்திலே நிற்கும் சிறுவனின் தலை கண்ணுக்குத் தெரிகின்றதா, அறையைப் பின்புறத்தே பிணைக்கும் பூட்டுத் துருப்பிடித்திருக்கின்றதா என்னும் நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.