நடந்தால் எலும்பு ஏன் வலுக்கிறது?

அஞ்செட்டி மலைக்கிராமங்களில் கேழ்வரகுக் களிக்குக் குறைவில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அது எலும்பில் நன்றாகச் சேர, உடம்பும் உழைக்க வேண்டும்.

எப்படி? விறகுக்கட்டோடு மேடேறும் பெண்ணின் தொடையெலும்பு, ஒவ்வோர் எட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. எலும்புக்குள் இருக்கும் நுண்குழாய்களில் திரவம் நகர்கிறது. அங்கே பதிந்திருக்கும் செல்கள் அதை உணர்ந்து, எலும்பு கட்டும் செல்களை வேலைக்கு அழைக்கின்றன. பளு இல்லாவிட்டால் எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்கிவிடும். விண்வெளி நிலையத்தில் உடற்பயிற்சி போதாதவர்களின் இடுப்பெலும்பு, மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை அடர்த்தி இழந்திருக்கிறது.

அடர்த்தி மட்டுமே பலம் ஆகாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு அதிகம். அந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு அடர்ந்தாலும் எளிதில் முறியும், மூட்டுகள் இறுகும். நடையால் இதைச் சரிக்கட்ட முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

எலும்புச் சேமிப்பின் பெரும்பங்கு 30 வயதுக்குள் முடிந்துவிடும். ஓசூர் ஆலைகளில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் இளைஞர்கள் இப்போதே படியேறட்டும், கயிறு தாண்டட்டும். தசை வலுத்தால் ரத்தச் சர்க்கரையும் கட்டுப்படும், முதுமையில் விழுவதும் குறையும்.